நேற்று வரச் சொன்ன படம்

நளினியின் இரண்டாவது படத்தைக் கொல்கத்தாவின் கரியாஹாட்டில் தூக்கிவிட்டார்கள் என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவரே தொலைபேசியில் சொன்னதுதான். "மொதல் படத்த கிடர்பூர்ல தூக்கினோம் அக்கா. ரெண்டாவத கரியாஹாட்ல தூக்கினோம்." தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்குவது எங்கள் திருச்சியில் சாதாரணச் செய்தி. வெள்ளிக்கிழமை வரும், திங்கட்கிழமை தூக்கிவிடுவார்கள். பாவம், இரண்டு படங்களுக்கும் அந்தக் கதிதானா என்று வருந்தி, 'விரைவில் திரையிலிருந்து நீக்கப்பட்டது' என்று குறித்துவைத்தேன். பக்கத்தில், வருடம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கேள்விக்குறி.

தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். காலையில் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஓய்வு பெற்றபின் அந்தக் கை சும்மா இருக்க மறுத்தது. பெண்கள் இயக்கிய படங்களை ஆண்டு வரிசையில் தொகுக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் அச்சிடப்போவதுமில்லை. அந்த வரிசையில் தேதியே பிடிபடாத ஒரே ஆள், கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்து அங்கேயே வங்காளியில் படம் எடுக்கும் இந்தத் தமிழ்ப் பெண். தயாரிப்பாளர் கிடையாது, சம்பளம் வாங்கும் படக்குழு கிடையாது. எந்த வருடம் எடுத்தீர்கள் என்று கேட்டால், "கரியாஹாட்ல மேம்பாலம் கட்டிண்டிருந்தாளே, அப்போ" என்பார்.

இந்தக் குளிர்காலம் முடிகிற சமயத்தில் அவரே அழைத்தார். முதல்முறையாகத் தமிழில் ஒரு படம் எடுத்திருக்கிறாராம். இணையத்தில் படம் காட்டும் சென்னை நிறுவனம் ஒன்று வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் வசனத்தில் தமிழ் பிழையாக இருக்கிறது, திருத்தி மறுபடி குரல் பதிந்து தர வேண்டும் என்கிறார்கள். "நீங்க ஒரு கமாவக்கூட விட மாட்டேள். வந்து சரி பண்ணிக் குடுங்கோ."

படத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். துறைமுக அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண், அவளை விட்டுப் போன கணவன், ஒரு மகள். கடைசிக் காட்சியில் அவன் திரும்பி வந்து கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, குழந்தையைப் பார்க்கலாமா என்று கேட்கிறான். அவள் அவன் முகத்தையே பார்க்கிறாள். பிறகு, "நேத்து வா" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். படம் முடிகிறது.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நேற்றே வந்திருக்க வேண்டும், இனி வந்து என்ன என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டாரே. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நேரில் படித்துக்காட்டப் பெட்டியிலும் வைத்துக்கொண்டேன்.

*

முதல் நாள் ஆட்டோவில் அவமானப்பட்டேன். கரியாஹாட் முனையில் காலியாக நின்ற ஆட்டோவில் ஏறி, நளினியின் வீடு இருக்கும் ஜாதவ்பூர் என்று சொல்லி, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். வண்டி நகரவில்லை. ஒரு மாணவி வந்து என் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்து மீன் பையோடு ஒரு பெரியவர். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொருவர். "இது என் ஆட்டோ" என்று தமிழிலேயே சொன்னேன். பெரியவர் வங்காளியில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாணவி ஆங்கிலத்தில் விளக்கினாள்: "அம்மா இதை விலைக்கு வாங்கிவிட்டீர்களா, எங்களையும் கூட்டிப்போவீர்களா என்று கேட்கிறார்." இங்கே ஆட்டோ என்பது பஸ் மாதிரி, குறிப்பிட்ட தடத்தில் ஓடுவது. இறங்கும்போது அந்தப் பெரியவரே பெட்டியை எடுத்துக் கொடுத்து, "மாஷிமா, ஷாப்தானே" என்றார், பார்த்துப் போங்கள் என்று. மாஷி என்றால் சித்தி. மீன் ஈரம் மூன்று நாள் பெட்டியில் மணத்தது.

நளினிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். குட்டையாக வெட்டிய தலைமுடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. தாத்தா காலத்தில் ஒரு கம்பெனிக் குமாஸ்தா வேலைக்காகக் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ். வாசலைத் தாண்டினால் வங்காளி. தெருவில் அவர் பெயரே நோலினி.

சாப்பாடு சாம்பாரும் சாதமும். சாதம் நெய் ஊற்றியதுபோல் மணக்கும் சின்னஞ்சிறு அரிசி. சாம்பாரில் பட்டோல் என்கிற, கோவைக்காய்க்கு அண்ணன் போன்ற ஒரு காய். கூட ஒரு துண்டு வெல்லம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இதற்குச் சண்டையே வரும். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"கரியாஹாட்டுல எந்தத் தியேட்டர்ல படத்தத் தூக்கினாங்க?" என்று பேனாவை எடுத்தேன்.

"தியேட்டரா? நடைபாதையிலன்னா தூக்கினோம்."

"நடைபாதையிலயா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வங்காளியில் படம் எடுப்பதைப் படம் 'தூக்குவது' என்றுதான் சொல்வார்களாம். இங்கேயே பிறந்த தமிழர்கள் அதைத் தமிழிலும் அப்படியே சொல்கிறார்கள். போட்டோ தூக்குவார்கள், சினிமாவும் தூக்குவார்கள். "எம் படத்தத் தியேட்டர்லேர்ந்து தூக்கணும்னா மொதல்ல தியேட்டருக்கு வரணுமே அக்கா."

என் குறிப்பில் ஒரு வரியை அடித்தேன்.

*

இரண்டாம் நாள் கரியாஹாட்டைக் காட்டினார். நடைபாதைக் கடைகளுக்கு நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். புடவைக்கு ஃபால் தைக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய இரண்டாவது படம் அவர்களைப் பற்றியதுதான். இன்றும் நின்று குசலம் விசாரித்தார். ஒரு பெண் தலையைத் தூக்காமலே ஏதோ கேட்டாள். "படத்தில் நான் ஒல்லியாக இருந்தேனே, இப்போது ஒருமுறை எடுத்துப் பாரேன், கேமராவுக்குள் அடங்குகிறேனா?" என்று கேட்டாளாம்.

நடந்துகொண்டே அவர் வாழ்க்கையைக் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவர். இரவல் கேமராவோடு கிடர்பூரில் கைவண்டி இழுப்பவர்களை எடுத்ததுதான் முதல் படம். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறார். கூட வேலை செய்பவர்களுக்கும் வார நாளில் வேறு உத்தியோகம். அதனால் எல்லாப் படமும் ஞாயிற்றுக்கிழமைப் படம். ஒரே காட்சியில் கதாநாயகி கதவைத் திறக்கும்போது ஒரு நீளத்திலும் மூடும்போது வேறு நீளத்திலும் தலைமுடி இருக்கும். நடுவே ஒரு மழைக்காலம் போயிருக்கும்.

மூன்றாவது படம் மட்டும் ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாக ஒரு வாரம் ஓடியது. டிக்கெட் கொடுத்ததும் அவரே, கதவருகே நின்று கிழித்ததும் அவரே. நான்காவதைத் தொடங்கி நிறுத்தி, பெரிய ஊரடங்கு முடிந்த பிறகு முடித்தார். அது எங்கும் வரவில்லை.

"எம் படத்தப் பாத்தவா எல்லாரையும் ஒரே பஸ்ல ஏத்திடலாம். செலபேருக்கு ஜன்னலோரம்கூடக் கெடைக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உடனே, "இந்தத் தடவ அப்படி ஆகப்படாது அக்கா. முன்ன பின்ன தெரியாதவா, ஏதோ ஒரு ஊர்ல, சாப்ட்டுண்டே எம் படத்தப் பாக்கணும். நடுவுல எழுந்து போனாக்கூடப் பரவால்ல" என்றார். வந்த வேலையின் கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் ஓர் இனிப்புக் கடை. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பேரீச்சவெல்லத்தில் செய்த சந்தேஷைப் பற்றிப் படித்திருந்தேன். நளினி காய்கறி வாங்க நின்றதால் நானே கேட்டேன். கடைக்காரர் கையை விரித்து, ஏதோ நீளமாகச் சொன்னார். "கால்கே" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. ரயிலில் கற்ற இந்தியில் 'கல்' என்றால் நாளை. சரி, நாளைக்கு வருவோம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கவலையோடு, இன்னும் நிதானமாக, காது கேளாதவளிடம் பேசுவதுபோல், "கால்கே" என்றார்.

வீட்டுக்கு வந்து நளினியிடம் சொன்னேன். "மொத நாள், அது நேத்தோட தீந்துபோச்சுன்னு சொல்லியிருக்கார். இன்னிக்கு, நேத்தே சொன்னேனேன்னு. இனிமே அடுத்த குளிருக்குத்தான்."

"கால்கேன்னா நாளைக்குதானே?"

"நாளைக்கும் கால், நேத்தும் கால். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"வினையக் கேக்கணும் அக்கா. தீந்துதுன்னா நேத்து. தீரும்னா நாளைக்கு. அந்த வார்த்த சும்மா, இன்னிக்கு இல்லேன்னு மட்டும் சொல்லும்."

தேதி முத்திரையோடு வாழ்ந்தவளுக்கு இது கொஞ்சம் தலைசுற்றியது. நேற்றையும் நாளையையும் ஒரே அறையில் படுக்கவைத்த ஒரு ஊர். அந்த உற்சாகத்தில், பெட்டியிலிருந்து என் பக்கத்தை எடுத்து, 'நேத்து வா' என்ற வரியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துக்காட்டினேன். தாமதத்தின் தண்டனை, சாத்தப்பட்ட காலம் என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

நளினி முடியும்வரை கேட்டார். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா அது கவிதை இல்ல அக்கா. தப்பு."

வசனத்தில் அவர் எழுதியிருந்தது 'நாளைக்கு வா' என்பதுதான். நடித்த மைதிலி நிஜமாகவே கிடர்பூரில் துறைமுக அலுவலகத்தில் வேலை செய்பவள். கொல்கத்தாவில் பிறந்து வங்காளிப் பள்ளியில் படித்தவள். அந்த வரியைச் சொல்லும்போது வாயில் 'நேத்து' வந்துவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. எடுத்தது ஒரே தடவை.

"எடிட் பண்றச்சே பாத்திருப்பீங்களே?"

"நூறு தரம் பாத்திருப்பேன். எனக்கும் நாளைக்குன்னுதான் கேட்டுது. சென்னைலேர்ந்து மெயில் வந்தப்பறம்தான் தெரிஞ்சுது."

என் பக்கத்தை மடித்து உள்ளே வைத்தேன்.

*

சனிக்கிழமை மைதிலியை அழைத்துவரக் கிடர்பூர் போனோம். நெருக்கியடித்த பஸ். ஜன்னலுக்கு வெளியே கைவண்டிகள், லாரிகள், மறுபடி கைவண்டிகள். ஒரு பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது, நின்றபடியே இருந்தது. நடத்துநர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். "திருச்சியா இருந்தா இந்நேரம் நாலு பேர் சண்டைக்குப் போயிருப்பாங்க" என்றேன். "இங்கயும் போவா. டீ முடியட்டும்" என்றார் நளினி.

மைதிலிக்கு நாற்பது இருக்கும். அலுவலக அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்து, "நீங்கதான் என் தமிழுக்கு மார்க் போடறவாளா? ஃபெயில்தானே?" என்றாள். கையில் மூன்று பொட்டலம் மசாலாப் பொரி. கடுகெண்ணெய் காரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. "மாமி அழறா. என் தமிழ இன்னும் கேக்கவேயில்ல" என்றாள்.

நளினி வீட்டில் ஓர் அறையைச் சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டு, குரல் பதிய ஏற்பாடு செய்திருந்தார். நான் திருத்தியதை மைதிலி படித்தாள். பெரும்பாலும் சிக்கலில்லை. போட்டோ தூக்கியது போட்டோ எடுத்ததாயிற்று. கடைசி வரிதான் நகரவில்லை. திரையில் 'நேத்து வா' என்று சட்டென்று முடிகிறது, கதவு விழுகிறது. 'நாளைக்கு வா' அதற்குள் அடங்கவில்லை. வேகமாகச் சொன்னால் பால்காரரை விரட்டுவதுபோல் இருந்தது. மெதுவாகச் சொன்னால் கதவு மூடியபிறகும் 'வா' வெளியே நின்றது.

"அன்னிக்கு நன்னா சொன்னேனே" என்றாள் மைதிலி. முதல்முறையாக அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. "அவன் மூஞ்சியப் பாத்துண்டே சொன்னேன். இப்போ உங்க பேப்பரப் பாத்துண்டு சொல்றேன்."

மறுநாள் ஞாயிறு. ஊர்த் தமிழர்கள் கூடும் ஒரு சிறு கூடத்தில் நளினி படத்தைப் போட்டார், திருத்தாத குரலோடு. நான் கேட்டுக்கொண்டதால். சிரிப்பார்களா என்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள், மாற்றலில் வந்த குடும்பங்கள், இங்கேயே பிறந்தவர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் தலைகளைப் பார்த்தேன்.

'நேத்து வா.' கதவு விழுந்தது.

முன்வரிசையில், போன மாதம்தான் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் பக்கத்திலிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வேறு ஒரு தலையும் அசையவில்லை. விளக்குப் போட்டதும், இங்கேயே பிறந்த ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "கடைசியில அவ என்ன சொன்னா?" என்று அவரிடம் கேட்டேன்.

"நாளைக்கு வரச் சொன்னாளே. கவனிக்கலியா நீங்க?"

வினையைக் கேட்க வேண்டும் என்று நளினி சொன்னது ஞாபகம் வந்தது. 'வா' என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அது போன நாளாக இருக்க முடியாது. அவர்கள் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

*

கிளம்புகிற நாள் காலையில் சென்னையிலிருந்து பிரவீன் என்ற இளைஞர் அழைத்தார். படம் வாங்கும் வேலையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தானாம். மரியாதையான குரல். "எல்லாம் ஓக்கே மேடம். அந்த லாஸ்ட் லைன் மட்டும் இன்னும் வரலையே. 'நேத்து வா'ன்னா ஆடியன்ஸ் சிரிச்சிருவாங்க."

நளினி போனை என்னிடம் நீட்டினார். "எங்க தமிழ் அக்கா பேசுவா."

"அந்த வரி இருக்கட்டும் தம்பி" என்றேன்.

"நேத்து எப்படி மேடம் வர முடியும்?"

ஊர்ப் பேச்சு, வினை, கால்கே என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக "ம்" கொட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. எதிரே நளினி டீக் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பார்த்ததும், பெட்டிக்குள் மடித்துவைத்த பக்கம் என் வாயில் வந்துவிட்டது. "நேத்தே வந்திருக்கணும், இனிமே வராதேன்னு அர்த்தம் தம்பி. தாமதத்துக்குத் தண்டனை."

"ஐயோ, செம மேடம். டீப்பா இருக்கு. இத நான் யோசிக்கவே இல்ல. லைன் அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன். நளினி என்னைப் பார்க்கவில்லை.

"அவ அவன வரச் சொல்றா அக்கா" என்றார் மெல்ல. "அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தன ஞாயித்துக்கெழமை. நீங்க அவன வராம பண்ணிட்டேள்."

படம் போகும், யார் யாரோ பார்ப்பார்கள், எல்லோரும் சாத்திய கதவைத்தான் பார்ப்பார்கள். அவர் திறந்துவைத்தது யாருக்கும் தெரியாது.

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு பிரவீனை அவரே அழைத்தார். "பிரவீன், அது கவிதை இல்ல. எங்க ஊர்த் தப்பு. அவ நாளைக்குத்தான் வரச் சொல்றா."

"அப்ப மாத்திடலாமே மேடம்."

"மாத்தினா அவ பொய் சொல்ற மாதிரி இருக்கு. குரல் அதேதான். கீழ எழுத்துப் போடுவேளே, அதுல 'நாளைக்கு வா'ன்னு போடுங்கோ."

"தமிழ்ப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டிலா? வாய் ஒண்ணு சொல்லுது, எழுத்து ஒண்ணு சொல்லுதும்பாங்களே."

"சொல்லட்டுமே. ரெண்டும் சேந்தாத்தான் எங்க தமிழ்."

மேலே பேசிவிட்டுச் சொல்வதாகப் பிரவீன் வைத்துவிட்டார். முதல் அழைப்பில் கைக்கு வந்த சம்மதம் இப்போது இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது. நளினி எழுந்து, வழிக்கு லுச்சி கட்டித் தருவதற்காக மாவு பிசைய ஆரம்பித்தார். மைதா பூரி, நம்முடையதைவிட மெல்லியது, வெள்ளையானது. ஆறினாலும் மெத்தென்று இருந்தது.

ஹௌரா நிலையத்துக்கு மஞ்சள் டாக்ஸியில் வந்தார். பாலத்தில் நெரிசலில் நின்றபோது, கடைசி முறையாக வருடங்களைக் கேட்டேன். ஏதேதோ வெள்ளத்தையும் மேம்பாலத்தையும் சொன்னார். எழுதிக்கொண்டேன். சந்தேஷ் கிடைக்காத குறைக்கு, ரயில் கிளம்பும்போது மண்சட்டியில் தயிர் வாங்கி ஜன்னல் வழியே நீட்டினார். பதில் வந்ததா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல், ரயில் கோதாவரிப் பாலத்தில் ஏறியபோது போன் அடித்தது. தடதடப்பில் பாதிதான் கேட்டது.

"ஒத்துண்டுட்டா அக்கா. ஆனா ஒரு வரிக்கு மட்டும் எழுத்துப் போட மாட்டாளாம். படம் பூரா போடணுமாம். தமிழ்லேர்ந்து தமிழுக்கு. நீங்கதான் எழுதித் தரணும்."

"எழுதறேன். எப்ப வெளியிடறாங்க?" என்று பேனாவை எடுத்தேன். அவருடைய படங்களில் ஒன்றுக்காவது சரியான தேதி போட்டுவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு.

"தேதிய நேத்து சொல்றேன்னுட்டா" என்றார் நளினி.

நான் திருத்தவில்லை. நாளைக்குப் போன் வரும் என்று பேனாவை மூடிவிட்டு, சட்டியைத் திறந்து தயிரைச் சாப்பிட்டேன்.